ஆடாதோடை இலையில் ஆல்கலாய்டு: கண்டறியவும் அளக்கவும் முதன்முறை இறங்குவோருக்கு

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் வேலியோரத்தில் ஆடாதோடை நிற்கும். இருமல் வந்தால் அதன் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பதும் இந்தச் செடியைத்தான். இதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம், வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஊமத்தை, எட்டி, கண்வலிக்கிழங்கு போலக் கைதவறினால் உயிருக்கு உலை வைக்கும் செடியும் அல்ல. இதிலுள்ள முக்கிய ஆல்கலாய்டான வாசிசின் அமிலத்தோடும் காரத்தோடும் பாடத்தில் படித்தபடியே நடந்துகொள்ளும். முதன்முறை செய்கிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் உள்ள, பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட தாவரப்பொருள். 1819-ல் ஜெர்மன் மருந்தாளர் மைஸ்னர் இந்தப் பெயரை வைத்தபோதே ‘காரம் போன்றது’ என்ற பொருளில்தான் வைத்தார். அமிலத்தில் போட்டால் உப்பாகி நீரில் கரையும். அம்மோனியா விட்டால் உப்பு உடைந்து, நீரை விட்டுக் குளோரோஃபார்முக்குத் தாவும். கீழே வரும் வேலைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு குணத்தை நம்பியே நடக்கிறது.

கசப்பை நம்பாதீர்கள். கசந்தால் ஆல்கலாய்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். நிலவேம்பின் கடுங்கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளால் வருவது, அதில் நைட்ரஜனே கிடையாது. நாவில் வைத்துப் பார்ப்பது ஆய்வகத்தில் அடியோடு விலக்க வேண்டிய பழக்கமும்கூட.

செடி எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் வீட்டுப் புரையிடத்திலிருந்து ஒரு பை, எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து ஒரு பை என்று இலை கொண்டுவந்தாள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பொடிக்கலாமா என்று கேட்டாள். அன்று தற்செயலாக எங்கள் பக்கத்து வைத்திய ஆசான் ஒருவர் வந்திருந்தார். இரண்டு பையிலும் கைவிட்டு இலையை எடுத்துப் பார்த்தவர், “மக்களே, இது வலியது, அது சின்னது. கேரளத்து வைத்தியன்மார் கஷாயத்துக்கு எடுக்கது அந்தச் சின்னதத்தான், கேட்டியா?” என்றார்.

அவர் சொன்னது சரி. கேரளத்தில் ஆடலோடகம் என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன. பெரிய இலைக்காரர் ஜஸ்டீசியா அடாதோடா. சிற்றாடலோடகம் என்பது ஜஸ்டீசியா பெடோமி. வாசிசின் இரண்டிலும் உண்டு, ஆனால் இரண்டும் வேறு இனங்கள். அந்த இரண்டு பைகளையும் கலந்திருந்தால் கடைசியில் வரும் எண் எந்தச் செடிக்கும் சொந்தமில்லாத எண்ணாக இருந்திருக்கும். எல்லைப் பகுதியில் வேலை செய்கிற நமக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். சந்தையில் கேட்ட பெயரை நோட்டில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

பூவோடு கூடிய ஒரு கிளையை வெட்டி, செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, உலர்த்தி, அட்டையில் தைத்து வையுங்கள். அதற்கு ஓர் எண் கொடுத்து, எடுத்த இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டலாம். ஐயம் இருந்தால் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உறுதி செய்துகொள்ளலாம், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்டமும் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. அந்த உலர்செடியின் எண் உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையை நான் திருப்பித்தான் கொடுப்பேன்.

உலர்த்துதல்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலும் ஐப்பசியிலும் காற்றே ஈரமாக இருக்கும். நிழலில் விரித்த இலை நான்கு நாளில் பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் வேறு வகைக் கேடு: வாசிசின் காற்றுபட்டு மெல்ல வாசிசினோன் என்ற வேறு பொருளாக மாறக்கூடியது, சூடும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும்.

விடாத மழையில் ஒரு மாணவன் தன் வீட்டு ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் இலையைத் தொங்கவிட்டு, மொறுமொறுவென்று கொண்டுவந்தான். பார்க்க அழகாக இருந்தது. சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் (டி.எல்.சி.) ஓட்டியபோது தொடக்கப் புள்ளியிலிருந்து உச்சிவரை ஒரே பழுப்புத் தடம். புகையின் தார்ப்பொருள்கள் இலையில் ஏறியிருந்தன. மூன்று வார வேலையைக் கீழே கொட்டினோம். எங்கே உலர்த்தக் கூடாது என்று நான் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதுதான் அதற்குக் காரணம். அதனால் இப்போது சொல்கிறேன்: பறித்த அன்றே ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி, சூடுகாற்று அடுப்பில் 40 டிகிரி செல்சியஸில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். காம்பு கையில் ஒடிகிற பதம் வந்ததும் எடுத்து, பொடித்து, 40-ஆம் எண் சல்லடையில் சலித்து, அடர்நிறப் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள்.

அந்தப் பொடியில் 2 கிராம் தனியாக எடுத்து, எடை மாறாத நிலை வரும்வரை 105 டிகிரியில் வைத்து எஞ்சிய ஈரத்தைக் கணக்கிடுங்கள். இந்த 2 கிராம் அளவிடுவதற்கு மட்டுமே. இதை ஆல்கலாய்டு எடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

இருக்கிறதா இல்லையா: வீழ்படிவுச் சோதனைகள்

பொடி 1 கிராமை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லியில் போட்டு, கொதிநீர்த் தொட்டியில் சற்று நேரம் சூடாக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். வடிநீரை நான்கு சோதனைக் குழாய்களில் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வினைப்பொருளைச் சில துளிகள் விடுங்கள். டிராகன்டார்ஃப் கரைசலுக்கு ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு வீழ்படிவு வரும். மேயருக்குப் பாலாடை நிறம், வாக்னருக்குச் செம்பழுப்பு, ஹேகருக்கு மஞ்சள்.

டிராகன்டார்ஃபைக் கடையில் வாங்குவதைவிடச் செய்துகொள்வது நல்லது. பிஸ்மத் சப்நைட்ரேட் 0.85 கிராமை 10 மில்லி அடர் அசிட்டிக் அமிலமும் 40 மில்லி நீரும் சேர்ந்த கலவையில் கரையுங்கள். பொட்டாசியம் அயோடைடு 8 கிராமை 20 மில்லி நீரில் தனியாகக் கரையுங்கள். இரண்டையும் சம அளவில் கலந்து அடர்நிறப் பாட்டிலில் வைத்தால் நெடுநாள் நிற்கும். 1866-ல் இன்றைய எஸ்டோனியாவிலுள்ள தோர்பாட் பல்கலைக்கழகத்தில் டிராகன்டார்ஃப் கண்டறிந்த கரைசல் இது. விஷம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிறந்தது, இன்றும் நம் மேசையில் முதல் பாட்டில்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கலங்கிவிட்டது என்று கண்டதும் ‘ஆல்கலாய்டு உண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். புரதம் இருந்தாலும் கலங்கும், டானின் இருந்தாலும் கலங்கும், சில கூமரின்களுக்கும் ஃபிளேவோன்களுக்கும்கூட டிராகன்டார்ஃப் நிறம் காட்டும். எதிர்ப்பக்கத்திலும் தவறு நேரும்: சாற்றில் ஆல்கஹால் மிஞ்சியிருந்தால் வரவேண்டிய வீழ்படிவு கரைந்துபோகும், மேயர் கரைசலை அளவுக்கு மீறி ஊற்றினாலும் அப்படித்தான். காஃபீன் போன்ற சில பொருள்கள் மேயருக்கு அசைவதே இல்லை.

ஆகவே முதல் கலங்கலை ஒரு சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய வடிநீரில் அம்மோனியா விட்டுக் காரமாக்கி, குளோரோஃபார்மில் குலுக்கி எடுத்து, குளோரோஃபார்மைப் பிரித்து, அதை மீண்டும் நீர்த்த அமிலத்தோடு குலுக்குங்கள். அந்த அமில அடுக்கில் திரும்பவும் சோதியுங்கள். புரதமும் டானினும் இந்தப் பயணத்தில் பின்தங்கிவிடும். இரண்டாம் முறையும் கலங்கினால் நம்பலாம். கூடவே மூன்று குழாய்கள் எப்போதும் இருக்கட்டும்: இலை சேராத வெறும் அமிலம், ஆல்கலாய்டு இருப்பது தெரிந்த ஒரு கரைசல், முதல் வடிநீரில் பெரிக் குளோரைடு விட்டுப் பார்க்கும் ஒரு குழாய். மூன்றாவதில் கருநீலமோ கரும்பச்சையோ கண்டால் டானின் நிறைய இருக்கிறது என்று பொருள், முதல் முடிவை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஹேகர் கரைசலில் உள்ள பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டில் வாயில் மஞ்சள் துகள் உலர்ந்திருப்பதைக் கண்டால் மூடியைத் திருகாமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். என் மாணவர்களுக்கு நான் ஹேகரே கொடுப்பதில்லை, மற்ற மூன்றே போதும்.

பிரித்தெடுத்தல்

அளப்பதற்கு 5 கிராம் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தனாலில் மூன்று தடவை ஊறவைத்து வடித்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் சுண்டவையுங்கள். கரும்பச்சைப் பிசின் கிடைக்கும். அதை 2 சதவீதக் கந்தக அமிலத்தில் கரைத்து வடிகட்டுங்கள். இந்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக்கை நான் தவிர்ப்பேன். சில ஆல்கலாய்டுகளின் ஹைட்ரோகுளோரைடு உப்பு குளோரோஃபார்மிலேயே கரையும், பிறகு எங்கே தொலைந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

அமிலக் கரைசலைப் பிரிபுனலில் விட்டு, பெட்ரோலியம் ஈதரால் மூன்று முறை கழுவுங்கள். பச்சையமும் கொழுப்பும் மேலடுக்கில் போகும், அதைக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள். அடுத்து அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டுப் பி.எச். 9 முதல் 10 வரை கொண்டுவாருங்கள். இப்போது குளோரோஃபார்ம் 25 மில்லி வீதம் மூன்று முறை. குளோரோஃபார்ம் நீரைவிடக் கனமானது, ஆகவே இம்முறை நமக்கு வேண்டியது கீழடுக்கு. அடுக்கு மாறிப்போய் வேண்டியதைக் கொட்டிவிட்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எல்லா அளவீடும் முடியும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள், பெயரெழுதி வரிசையாக வையுங்கள்.

புனலை மோர் கடைவதுபோல வேகமாக ஆட்டினால் இரண்டும் கலந்து நுரைக் குழம்பாகி நிற்கும். ஆடாதோடையில் இது கட்டாயம் நடக்கும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாலே போதும். ஒவ்வொரு முறையும் தலைகீழாகப் பிடித்துக் குழாயைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். குழம்பாகிவிட்டால் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அரைமணி நேரம் தொடாமல் விடுங்கள், பெரும்பாலும் தெளியும்.

எல்லாம் வந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கடைசியாக எடுத்த குளோரோஃபார்மில் ஒரு மில்லியை உலரவிட்டு, இரண்டு துளி அமிலத்தில் கரைத்து, மேயர் ஒரு துளி விடுங்கள். கலங்கினால் இன்னொரு முறை குளோரோஃபார்ம் விட வேண்டும். கலங்காவிட்டால் நிறுத்தலாம். பிறகு எல்லாக் குளோரோஃபார்மையும் சேர்த்து, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டின் வழியே வடித்து, ஆவியாக்குங்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே இந்த வேலை. புயல் மழை நாளில் மின்சாரம் போய் விசிறி நின்றால் பாத்திரங்களை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மெல்லடுக்குத் தகடு

சிலிக்கா ஜெல் 60 எஃப்254 தகடு ஒன்றில், கீழிருந்து ஒரு செ.மீ. உயரத்தில், வரிசையாகச் சாறும் வாசிசின் நியமமும் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தூய வாசிசின்) இரண்டும் கலந்ததும் வையுங்கள். ஆடாதோடைக்கு எத்தில் அசிட்டேட், மெத்தனால், அம்மோனியா 8:2:0.2 என்ற கலவையில் ஓட்டித் தொடங்கலாம். அறியாத செடியென்றால் டொலுவீன், எத்தில் அசிட்டேட், டைஎத்திலமீன் 7:2:1 நல்ல தொடக்கம். முதலில் யூவி விளக்கில் 254, 366 நானோமீட்டர் இரண்டிலும் பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். அதன்பின் தகட்டை நன்றாகச் சூடாக்கி அமீன் வாடையைப் போக்கிவிட்டு டிராகன்டார்ஃப் தெளியுங்கள். வாடை போகாமல் தெளித்தால் புள்ளி சரியாகத் தெரியாது. தெளிப்பதற்கு, கலந்து வைத்த கரைசல் 10 மில்லியில் அடர் அசிட்டிக் அமிலம் 20 மில்லியும் நீர் 70 மில்லியும் சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள். நிறம் மங்கலாக இருந்தால் மேலே 10 சதவீதச் சோடியம் நைட்ரைட் தெளித்துப் பாருங்கள், பழுப்பு ஏறித் தெளிவாகும்.

மூன்றாவதாக வைத்த கலவைப் புள்ளி பிரியாமல் ஒரே வட்டமாக ஓடினால் சாற்றில் இருப்பது அதே பொருள் என்று ஓரளவு உறுதி சொல்லலாம்.

எவ்வளவு இருக்கிறது

பல அறிக்கைகளில் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு: அசிட்டிக் அமிலம் சேர்த்த எத்தனாலில் ஊறவைத்து, சுண்டவைத்து, அம்மோனியா விட்டு, விழுந்ததை எடைபோடுவது. தராசு மட்டும் இருந்தால் போதும் என்பதால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் விழுவதில் ஆல்கலாய்டோடு வேறு பலவும் சேர்ந்திருக்கும், அத்தனையையும் ஆல்கலாய்டு என்று எழுதினால் எண் ஊதிப்போகும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள்.

நிறமானி இருக்கிற எந்தக் கல்லூரியிலும் புரோமோகிரெசால் கிரீன் முறையைச் செய்யலாம். இந்தச் சாயம் பி.எச். 4.7-ல் ஆல்கலாய்டோடு இணைந்து மஞ்சளாகிக் குளோரோஃபார்முக்கு ஏறும். இணையாத சாயம் நீரிலேயே தங்கும். சாயம் 69.8 மில்லிகிராமை 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 3 மில்லி, நீர் 5 மில்லியோடு சூடாக்கிக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். பாஸ்பேட் கரைசலைச் சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 4.7-க்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். நியமத்துக்கு அட்ரோபின் 1 மில்லிகிராமை 10 மில்லியில் கரைத்து, 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 மில்லி என்று ஐந்து புனல்களில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சாயம் 5 மில்லி, பி.எச். கரைசல் 5 மில்லி. குளோரோஃபார்மை 1, 2, 3, 4 மில்லி என்று நான்கு முறை விட்டுக் குலுக்கிச் சேர்த்து, 10 மில்லியாக்கி, 470 நானோமீட்டரில் அளவுகள் எடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். அட்ரோபின் கடும் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இனி நம் இலை. பிரித்தெடுத்த எச்சத்தை நீர்த்த அமிலத்தில் கரைத்து 100 மில்லியாக்குங்கள். அதில் அரை மில்லி எடுத்து நடுநிலைப்படுத்தி அதே வரிசையில் செய்யுங்கள். கணக்கு புரிவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். கோட்டில் 90 மைக்ரோகிராம் என்று வந்தால், 100 மில்லிக்கு அதைப்போல் 200 மடங்கு, அதாவது 18 மில்லிகிராம். இது 5 கிராம் பொடிக்கு. கிராமுக்கு 3.6 மில்லிகிராம். பொடியில் 10 சதவீதம் ஈரம் இருந்தால் 3.6-ஐ 0.9-ஆல் வகுத்து, உலர்எடையில் கிராமுக்கு 4.0 மில்லிகிராம்.

இதை ‘வாசிசின் 4 மில்லிகிராம்’ என்று எழுதக் கூடாது. நாம் அளந்தது அட்ரோபின் அளவுகோலில். அட்ரோபினின் மூலக்கூறு எடை 289.4, வாசிசினுடையது 188.2. இரண்டுமே சாயத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக இணைவதாக வைத்தால் அதே 4.0 வாசிசின் கணக்கில் 2.6 தான். அதிலும் வாசிசின் மட்டும் இல்லை, உடன்பிறந்த மற்ற ஆல்கலாய்டுகளும் சேர்ந்தே அளவாகியிருக்கும். ‘மொத்த ஆல்கலாய்டு, அட்ரோபின் சமானத்தில்’ என்று எழுதினால் அது உண்மை.

மூன்று தனித்தனிப் பொடி எடைகளிலிருந்து தொடங்கி மூன்று முறை செய்யுங்கள். ஒரே சாற்றை மூன்று முறை அளந்துவிட்டு மும்முறை என்று எழுதுவது சரியல்ல. இன்னொரு 5 கிராம் பொடியில் தொடக்கத்திலேயே வாசிசின் நியமம் 5 மில்லிகிராம் கலந்து முழு வேலையையும் செய்யுங்கள், இந்த ஒரு தடவைக்கு அளவுக்கோட்டையும் வாசிசினாலேயே போட்டுக்கொள்ளுங்கள். விடை 5 கூடாமல் 3.5 மட்டும் கூடினால் வழியில் 30 சதவீதம் தொலைகிறது. பெரும்பாலும் குழம்பாகிய அடுக்கிலோ, பி.எச். போதாமல் விட்ட இடத்திலோதான் தொலைந்திருக்கும்.

வாசிசினை மட்டும் தனியாக அளக்க வேண்டுமென்றால் கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் தனியே அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி தேவை. சி18 குழாய் போதும். காரப் பொருள்கள் குழாயின் சிலிக்காவில் ஒட்டி, சிகரம் வால்நீண்டு வரும். நகரும் கரைசலில் பாஸ்பேட்டும் சிறிது டிரைஎத்திலமீனும் சேர்த்தால் வால் குறையும். எந்த அலைநீளத்தில் பார்ப்பது என்பதை நியமத்தின் நிறமாலையை நீங்களே எடுத்து முடிவு செய்யுங்கள். சாற்றை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்காமல் கருவியில் ஏற்றாதீர்கள்.

மிளகும் மரமஞ்சளும்

ஆடாதோடையில் கைபழகியவர்கள் அடுத்து மிளகுக்குப் போவார்கள். நம் மலையோர விளைகளில் பலா மரத்திலும் கமுகிலும் படர்ந்து கிடக்கும்போது ஆசை வருவது இயல்புதான். மேலே சொன்ன அமில-காரப் பாதையில் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. 1819-ல் டென்மார்க் அறிவியலாளர் எர்ஸ்டெட் பிரித்த பைப்பரின் ஆல்கலாய்டுதான், ஆனால் அதன் நைட்ரஜன் அமைடாக இருப்பதால் காரத்தன்மை இல்லாத அளவுக்குக் குறைவு. அமிலத்தில் உப்பாகாது, கரையாமல் வடிதாளிலேயே தங்கிவிடும். புரோமோகிரெசால் கிரீனும் அதைக் கண்டுகொள்ளாது. மிளகுப் பொடியை எத்தனாலில் எடுத்து, நீர்த்து, 343 நானோமீட்டரை ஒட்டி நேரடியாக யூவியில் அளப்பதே வழி. வெளிச்சத்தில் பைப்பரின் உருமாறும் என்பதால் குடுவையை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள். கண்வலிக்கிழங்கின் கொல்கிசினும் அமைடு வகையே.

மரமஞ்சளின் பெர்பரின் இதற்கு எதிர்ப்பக்கம். நிரந்தர மின்னேற்றம் உள்ளதால் எத்தனை அம்மோனியா விட்டாலும் நீரைவிட்டு வர மனம் கொள்ளாது. மரமஞ்சள் காட்டில் அருகிப்போன கொடி. அதைத் தோண்டி எடுக்கச் சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். தோட்டத்தில் வளர்த்ததோ, வாங்கிய பெர்பரின் நியமமோ இருந்தால் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

கழிவு

மேயர் கரைசலில் பாதரசம் இருக்கிறது. அதைத் தொட்ட ஒவ்வொரு துளிக்கும் தனிப் பாட்டில் வேண்டும், சோதனைக் குழாயைக் கழுவிய முதல் தண்ணீரும் அதில்தான் போக வேண்டும். குளோரோஃபார்முக்கு இன்னொரு பாட்டில். சாக்கடையில் ஊற்றினால் அது நீருக்கு அடியில் இறங்கி மண்ணுக்குள் வெகுதூரம் போகும். எங்கள் ஆய்வகத்தின் பின்சுவரிலிருந்து நாற்பதடி தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. கேன்டீனில் சாயா போடுவதும் விடுதியில் சோறு வடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.